கையில் பூக்களுடன் ஒரு வெனிஸ் நங்கை

கேள்வி: இத்தாலியின் வெனிஸ் நகர ஓவியர் டிஷியன் வரைந்த ‘ஃப்ளோரா’ ஓவியத்தை ஒரு நூலில் கண்டேன். தோளிலிருந்து ஆடை சற்றே நழுவ, கையில் பூக்களை ஏந்தியிருக்கும் அந்த இளம்பெண்ணைத் தேவதை என்று சிலரும் கணிகை என்று சிலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அவள் யார்? – வாசகி ஒருவர்

பதில்: ஓவியத்தில் அவள் பெயர் எழுதப்படவில்லை. சுமார் 1515-க்கும் 1517-க்கும் இடையில் வெனிஸில் தீட்டப்பட்டு, இன்று ஃபுளோரன்ஸ் நகரின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படத்தைப் பார்த்து, 17-ஆம் நூற்றாண்டில் சாண்ட்ரார்ட் என்ற ஜெர்மானியக் கலைஞர் தகட்டில் செதுக்கி அச்சிடும் படம் ஒன்றைச் செய்தார். அதன் கீழ் உள்ள லத்தீன் வரிகள் அவளை ஃப்ளோரா என்றே அழைக்கின்றன.

ஃப்ளோரா ரோமானியர்களின் வசந்த தேவதை. மேலைக்காற்றாகிய செஃபிர், வனமங்கையாக இருந்த அவளை மணந்து, பூக்களின் ஆட்சியை அவளுக்குச் சீதனமாக அளித்தான் என்று கவிஞர் ஓவிட் பாடுகிறார். ஆனால் அவளுக்காக எடுக்கப்பட்ட விழாவில் விலைமகளிருக்கும் பங்கு இருந்தது. பிற்காலத்தில் இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவோ, பெருஞ்செல்வம் ஈட்டிய ஒரு கணிகையே ஃப்ளோரா என்று எழுதிவிட்டார். கணிகை என்ற வாதம் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

எனக்கு அதில் உடன்பாடில்லை. கூந்தலை முடியாமல் தோளில் தவழவிடுவது அக்கால வெனிஸ் மணப்பெண்களின் வழக்கம். இதே பெண்ணின் சாயலை, 1514-இல் நிக்கோலோ அவுரேலியோ, லாரா பகரோட்டோ ஆகியோரின் திருமணத்தையொட்டி டிஷியன் வரைந்த ‘தெய்வீகக் காதலும் உலகியல் காதலும்’ என்னும் ஓவியத்திலும் காண்கிறோம். ஓவிடின் கதையிலும் ஃப்ளோரா ஒருவனுக்கு மனைவி. இவற்றையெல்லாம் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, படத்திற்கு வெளியே நிற்கும் ஒருவனுக்குப் பூக்களை நீட்டும் புதுமணப்பெண்ணாகவே அவள் எனக்குத் தோன்றுகிறாள். ஒரு தோள் திறந்திருப்பதை மட்டுமே சான்றாக்கி அவளுக்கு வேறு பெயர் சூட்டுவது நியாயமாகாது.

கேள்வி: அணிகலன்களோ பின்னணிக் காட்சியோ இல்லாத இந்தப் படம் இவ்வளவு உயிர்ப்புடன் இருப்பது எப்படி? – அதே வாசகி

பதில்: அந்த வெண்ணிற உள்சட்டையைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிவது, அருகில் சென்றால் சாம்பலும் இளமஞ்சளும் மங்கிய பழுப்புமாகப் பிரிகிறது. நுண்ணிய மடிப்புகள் நெஞ்சின் மேல் கொத்துக் கொத்தாக இறங்கி வருகின்றன. எண்ணெய் வண்ணத்தை ஒளி ஊடுருவும் மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும் முறையில் வெனிஸ் ஓவியர்கள் தேர்ந்தவர்கள். அதனால்தான் இங்கே தோலின் வெதுவெதுப்பும் துணியின் குளிர்ச்சியும் அடுத்தடுத்து நின்றும் ஒன்றோடொன்று குழம்பவில்லை. ஃபுளோரன்ஸ் மரபில் கோடு செய்யும் வேலையை இங்கே நிறமே செய்கிறது. கன்னம் எங்கே முடிந்து கூந்தலின் நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

ஒரு கை, சரியும் இளஞ்சிவப்புப் பூவேலைப் பட்டுத்துணியைப் பற்றியிருக்கிறது. மற்றக் கையில் ரோஜா, மல்லிகை, வயலட் ஆகிய வசந்த மலர்கள். பார்வை மட்டும் நம்மைத் தவிர்த்து ஒருபுறமாகச் செல்கிறது. பூக்கள் யாருக்கோ உரியவை என்பதை அந்தப் பார்வைதான் சொல்கிறது. ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரமே உள்ள படத்திற்குள் இவ்வளவு பெரிய உருவம் அமைந்திருப்பதால், அவள் நமக்கு எட்டும் தொலைவில் நிற்பதுபோல் உணர்கிறோம். பின்னணியில் ஒரு தூணோ மலையோ இருந்திருந்தால் இந்த நெருக்கம் கெட்டிருக்கும்.

கேள்வி: டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இந்தப் படத்தைப் பார்த்து வரைந்தார் என்பது சரியா? – கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: நகலெடுத்தார் என்பது சரியன்று, கற்றுக்கொண்டார் என்பது பொருந்தும். 17-ஆம் நூற்றாண்டில் இந்த ஓவியம் ரெம்பிராண்ட் வாழ்ந்த ஆம்ஸ்டர்டாமில் அல்ஃபோன்சோ லோபஸ் என்பவரின் சேகரிப்பில் இருந்தது. 1641-இல் ரெம்பிராண்ட் தம் மனைவி சாஸ்கியாவை, ஒரு கை மார்பில் பதிய, மறு கை சிவப்பு மலரை நீட்டுவதாகத் தீட்டினார். அந்தப் படம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ளது. சாஸ்கியா 1642-இல் இறந்துவிட, பல ஆண்டுகள் கழித்து ரெம்பிராண்ட் ஒரு ஃப்ளோராவை வரைந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில், டிஷியனின் பெண்ணைப் போலவே வெண்சட்டை அணிந்து பூக்களை நீட்டி நிற்பவளின் முகத்தில் சாஸ்கியாவின் சாயல் இருக்கிறது.