உங்கள் ஆய்வுக் கேள்வியின் எழுவாய் எது?

கேள்வி: வீடுகளில் துணி துவைக்கச் செலவாகும் தண்ணீரைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சிக்கனம் குறித்த மனப்பான்மையை அளக்க 240 பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கிவிட்டேன். இப்போது நெறியாளர், நடைமுறைக் கோட்பாட்டின் வழியாகப் பார்க்கச் சொல்கிறார். கோட்பாட்டு இயலை மட்டும் மாற்றினால் போதுமா? சேகரித்த தரவு வீண்தானா?

பதில்: இயலை மாற்றினால் மட்டும் போதாது. தரவும் முழுக்க வீணில்லை.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். இங்கே 'நடைமுறை' என்பது நடைமுறைக்குப் பயன்படும் ஆய்வு என்ற பொருளில் வரவில்லை. வாய்மொழித் தேர்வு வரை இந்தத் தடுமாற்றத்தைச் சுமந்து வருபவர்கள் உண்டு. சமைப்பது, துவைப்பது, பாடம் நடத்துவது என்று பலரும் திரும்பத் திரும்பச் செய்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிக்கொள்ளும் செயல்களையே அந்தச் சொல் குறிக்கிறது. சமூகத்தை விளக்கத் தனிமனிதரின் எண்ணத்திலிருந்து தொடங்குவதா, அவரை ஆளும் அமைப்பிலிருந்து தொடங்குவதா என்பது பழைய வழக்கு. 1970, 80களில் சமூகவியலாளர்களான பியர் பூர்தியூவும் அந்தோனி கிடென்ஸும் இரண்டையும் விட்டு, அன்றாடச் செயலில் காலூன்றினார்கள். வரலாறு இவ்வளவு போதும். இதற்கே நாற்பது பக்கம் எழுதிவிட்டுக் களத்தில் பழைய வினாத்தாளோடு நிற்பதுதான் பலருக்கும் நேர்கிறது.

உங்கள் வேலை இலக்கணத்தில் தொடங்குகிறது. "மக்கள் ஏன் தண்ணீரை வீணாக்குகிறார்கள்?" என்று கேட்டால் எழுவாய் மக்கள். அந்தக் கேள்வி உங்களை மனப்பான்மையை அளப்பதிலேயே கொண்டுபோய் நிறுத்தும். "ஒருமுறை உடுத்தியதைத் துவைப்பது எப்படி வழக்கமானது?" என்று கேளுங்கள். இப்போது எழுவாய் துவைப்பது. உடனே சலவை இயந்திரம், சோப்புத்தூள், வியர்வை வாடை பற்றிய கூச்சம், வேலைக்கு உடுத்தும் உடை, துவைப்பது யார் பொறுப்பு என்ற ஏற்பாடு எல்லாம் ஆய்வுக்குள் வந்துவிடும்.

சமூகவியலாளர் எலிசபெத் ஷோவும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் எழுதிய நூலில், ஒரு நடைமுறையைப் பொருள்கள், திறன்கள், அர்த்தங்கள் ஆகியவற்றின் பிணைப்பாகப் பார்க்கிறார்கள். மாணவர்கள் இதை மூன்று பெட்டிகளாக்கி, நேர்காணல் வரிகளைப் பிரித்துப் போட்டுவிட்டு ஆய்வு முடிந்தது என்பார்கள். எனக்கு அது அலுப்பூட்டும் வேலை. இயந்திரம் வந்ததால் துவைப்பது எளிதானது. எளிதானதால் 'அழுக்கு' என்பதன் எல்லை மாறியதா? ஒன்று மற்றொன்றை நகர்த்திய இடத்தைத் தேடுங்கள்.

வினாத்தாளில் வாரத்துக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில், யார் துவைக்கிறார் என்ற கேள்விகள் இருந்தால் அவை இப்போது பொன். சிக்கனம் அவசியம் என்று அழுத்தமாகக் குறித்தும் தினமும் துவைக்கும் வீடுகளைத் தனியே எடுங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எண்ணமும் செயலும் வெவ்வேறு தடங்களில் ஓடுகின்றன. அவற்றையும் வேறு வகை வீடுகளையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து தேர்ந்து, ஒரு சலவை நாள் முழுவதும் உடனிருங்கள்.

அங்கேயும் "ஏன்?" என்று கேட்காதீர்கள், கேட்டால் நியாயம் கற்பிப்பார்கள். 1970களில் இத்தாலியின் டூரின் நகரில் பியட் கார் ஆலைத் தொழிலாளர்களிடம் உளவியலாளர் ஈவார் ஒட்டோனே கையாண்ட உத்தி நல்லது: "நாளை உங்களுக்குப் பதிலாக நான் இந்த வேலையைச் செய்கிறேன், ஆள் மாறியது யாருக்கும் தெரியக்கூடாது, என்ன செய்ய வேண்டும்?" கை அறிந்ததை வாய்க்குக் கொண்டுவர இது உதவும். இயந்திரம் பழுதான நாளைப் பற்றியும் கேளுங்கள். எதைத் தள்ளிப்போட்டார்கள், எதைக் கையால் அலசினார்கள் என்பதிலிருந்து, எந்தத் துணிக்கு விலக்கு உண்டு, எதற்கு இல்லை என்பது தெரியும்.

வீடுகளுக்குள் மட்டும் நின்றுவிட்டால் குறைதான். இயந்திரத்தின் பொத்தான்களில் என்னென்ன தேர்வுகளைத் தயாரிப்பாளர் வைத்திருக்கிறார், துணியில் தைத்திருக்கும் சலவைக் குறிப்புச் சீட்டு என்ன சொல்கிறது என்று வெளியிலும் பின்தொடருங்கள்.

வினாத்தாளுக்கு வாங்கிய ஒப்புதல், வீட்டுக்குள் உட்கார்ந்து பார்ப்பதற்குச் செல்லாது. ஆய்வு நெறிக்குழுவுக்கு இப்போதே புதிதாக விண்ணப்பியுங்கள். பதில் வருவதற்குள் அந்த 240 தாள்களைப் பிரித்து முடித்துவிடலாம்.