மாத்திரை போட்டு ஐ.யூ.ஐ.யா, போடாமலா?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு 29 வயது, கணவருக்கு 34. கல்யாணமாகி நான்கு வருடம். மாதவிலக்கு தவறாமல் வருகிறது. ட்யூப் டெஸ்ட் நார்மல், அவருடைய விந்துப் பரிசோதனையும் நார்மல். மதுரையில் ஒரு டாக்டர் மாத்திரையும் ஊசியும் போட்டு ஐ.யூ.ஐ. (விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் வைப்பது) செய்யலாம் என்கிறார். இன்னொருவர், 'முட்டைதான் தானாக வருகிறதே, மாத்திரை எதற்கு?' என்கிறார். ஊசி போட்டால் இரட்டைக் குழந்தை பிறக்கும் என்று மாமியாருக்கு ஒரே சந்தோஷம். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

பதில்: முதலில் மாமியார். ஒரே செலவில் ரெண்டு என்று என் ஓ.பி.யிலும் பல பேர் சொல்வார்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வெளியே பாய் விரித்துக் கிடக்கும் பாட்டிகள் சொல்லி நான் கேட்டதில்லை. இரட்டைக் கர்ப்பம் என்றால் குறைமாதப் பிரசவம், எடை குறைவு, தாய்க்கு ரத்தக்கொதிப்பு எல்லாமே கூடும். இரட்டையை நான் பக்கவிளைவுக் கணக்கில்தான் எழுதுவேன்.

அடுத்து, இரண்டு டாக்டர்கள். மாத்திரை இல்லாத முறையில் அந்த மாதம் தானாக வளரும் ஒரு முட்டையை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வருவோம். முட்டைப்பை 18 மி.மீ. அளவுக்கு வந்ததும் முட்டை வெடிக்க ஒரு ஊசி, ஒன்றரை நாள் கழித்து, கழுவிய விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் வைப்போம். மாத்திரை முறையில் மாதவிலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் குளோமிஃபீன் அல்லது லெட்ரசோல் கொடுப்போம். மிச்சமெல்லாம் அதேதான்.

காரணம் தெரியாமல் குழந்தை தள்ளிப்போகிற உங்களைப் போன்றவர்களுக்கு மாத்திரை இல்லாத ஐ.யூ.ஐ.யில் பெரிய லாபமில்லை என்பது என் கருத்து. ஸ்காட்லாந்தில் 580 பெண்களை வைத்துச் செய்து, 2008-இல் வெளியான ஆய்வில் சும்மா காத்திருந்தவர்களில் 100க்கு 17 பேருக்கும் இந்த முறையில் 23 பேருக்கும் குழந்தை பிறந்தது. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். வெறும் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ 14தான்! இரண்டும் சேர்ந்தால் கதை வேறு. தானாகக் கரு நிற்கும் வாய்ப்பு குறைவாக இருந்த தம்பதிகளிடம் நியூசிலாந்தில் செய்த ஆய்வில் (2018), குளோமிஃபீனோடு ஐ.யூ.ஐ. செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது.

அப்படியென்றால் தினமும் போடுகிற முட்டை வளர்ச்சி ஊசி இன்னும் நல்லதா? அமெரிக்காவில் 900 தம்பதிகளிடம் இந்த ஊசி, குளோமிஃபீன், லெட்ரசோல் மூன்றையும், ஒவ்வொன்றோடும் ஐ.யூ.ஐ. செய்து, ஒப்பிட்டார்கள் (2015). ஊசியில் குழந்தை பிறந்தது 32 சதவீதம், குளோமிஃபீனில் 23, லெட்ரசோலில் 19. ஆனால் ஊசியில் கரு நின்றவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கரு, சிலருக்கு மூன்று. குளோமிஃபீனில் அது 9, லெட்ரசோலில் 13. உங்கள் வயதுக்கு மாத்திரையிலேயே ஆரம்பியுங்கள். முட்டை வெடிக்கப் போடுகிற ஒற்றை ஊசி வேறு, அதற்குப் பயப்படாதீர்கள்.

கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார், அல்லது தாம்பத்தியத்தில் சிரமம் என்றால் மாத்திரை இல்லாத முறையே போதும். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற நீர்க்கட்டிக்காரர்களுக்கு மாத்திரை இல்லாமல் ஆகாது.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: 'மூன்று, நான்கு முட்டை வளர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?' 'இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் பார்க்கலாம்' என்கிறவரிடம் தைரியமாகப் போங்கள். ஸ்கேனே பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதித் தருகிற இடம் வேண்டாம்.

அப்புறம், ஸ்கேனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் அரப்பாளையம் வரை பஸ்ஸில் வரவேண்டியிருக்கும். ஊரிலேயே ஸ்கேன் எடுத்து அளவைப் போனில் சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள், சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஐ.யூ.ஐ. அன்று கணவர் கட்டாயம் வரவேண்டும், அதற்கு முன் தாம்பத்தியத்தில் இரண்டிலிருந்து ஐந்து நாள் இடைவெளி போதும். மூன்று, நான்கு மாதம் பார்த்தும் நிற்கவில்லை என்றால் அதையே இழுத்துக்கொண்டு போகாமல் அடுத்த சிகிச்சையைப் பற்றிப் பேசுங்கள்.