கீமோ எடுக்கும் அம்மாவுக்கு என்ன சாப்பாடு கொடுப்பது? சர்க்கரை, பால், கறியை நிறுத்த வேண்டுமா?

கேட்டவர் கொடுத்த விவரம்: அம்மாவுக்கு 58 வயது, எடை 55 கிலோ. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்பும், வீட்டில் 14 நாள் கேபசிடபைன் மாத்திரையும் தொடங்கியிருக்கிறது. சர்க்கரையை நிறுத்து, பால் ஆகாது, கறி சூடு, முள் சீத்தாச் சாறு கொடு என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

யார் சொல்வதைக் கேட்பது என்று முடிவு செய்வதற்கு முன், எடை மெஷின் ஒன்றை வீட்டில் வையுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய்வந்து, வெறும் வயிற்றில், ஒரே மாதிரி நைட்டியோடு நிறுத்தி எடையை நோட்டில் எழுதுங்கள். கீமோ காலத்தில் சாப்பாட்டால் வரும் பெரிய ஆபத்து, ஆகாததைச் சாப்பிட்டுவிடுவது அல்ல. போதுமானதைச் சாப்பிடாமல் தசை கரைவதுதான். மருந்தின் அளவை உயரமும் எடையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். தசை குறைந்த உடம்பில் அதே அளவு மருந்து கூடுதலாகப் படுத்தும். பிறகு டோஸைக் குறைப்பார்கள், அல்லது அடுத்த சைக்கிளை, அதாவது அடுத்த சுற்று மருந்தை, தள்ளிப்போடுவார்கள். ஒரே மாதத்தில் 5 சதவீதம், அதாவது உங்கள் அம்மாவுக்கு 2¾ கிலோ குறைந்தால் அடுத்த சைக்கிள் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். காலில் வீக்கம் இருந்தால் மெஷின் பொய் சொல்லும். அப்போது மேற்கையையும் கன்னத்தையும் பாருங்கள்.

தேவை எவ்வளவு? கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் 1 முதல் 1.5 கிராம். 55 கிலோவுக்கு சுமார் 1,400 முதல் 1,650 கலோரி, 55 முதல் 80 கிராம் புரதம். இப்போது ஒரு சாதாரண "நோயாளிச் சாப்பாட்டை" எண்ணிப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி 4 கிராம், பதினோரு மணிக்கு மால்ட் கலந்த அரை டம்ளர் பால் 4, மதியம் ரசம் சாதம் 5, மாலையில் பன் 3, இரவு மறுபடி இரண்டு இட்லி 4. மொத்தம் 20 கிராம். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், அம்மாவும் "சாப்பிட்டேனே" என்பார். தேவையில் பாதிகூட உள்ளே போயிருக்காது.

அதே சாப்பாட்டைக் கொஞ்சம் திருத்தினால் போதும். இட்லியை மூன்றாக்கி, பருப்பு தெரியும் கெட்டி சாம்பார் (9 கிராம்). ஒரு நாளைக்கு இரண்டு முழு முட்டை, மஞ்சள் கருவோடு (12). 200 மில்லி பால் இரண்டு வேளை, ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர் கரைத்து (18). மதியம் ரசத்துக்கு முன் ஒரு பிடி, அதாவது 30 கிராம் பருப்பு வேகவைத்து நெய் விட்டுப் பிசைந்த சாதம் (11), உள்ளங்கை அளவு மீன் அல்லது கோழி (18), ஒரு சிறு கப் தயிர் (3). மாலையில் மசிய வேகவைத்த சுண்டல் (6). இரவு இரண்டு தோசை (5). 80 கிராமைத் தாண்டிவிடும். முட்டை சாப்பிட்டாலும் மீன், கோழி தொடாதவர் என்றால் அந்த இடத்தில் 50 கிராம் பன்னீரும், பொட்டுக்கடலை கூடுதலாகப் போட்ட சட்னியும் வைத்து 70-க்கு மேல் கொண்டுவரலாம். மூன்று வேளையில் இது இறங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறு கிண்ணத்தில் கொடுங்கள். பெரிய தட்டைப் பார்த்தாலே குமட்டும்.

இங்கே ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொற்றை எதிர்க்கும் வெள்ளணு ஏற அதுதான் மருந்து என்று நம்பி ஒரு வேளைச் சாப்பாட்டையே சூப்பாக்கிவிடுகிறார்கள். எலும்பிலிருந்து இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். டிரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் கிடையாது. தசை கட்ட அது மட்டும் போதாது. வெள்ளணு குறைந்தால் ஏற்றுவதற்கு ஃபில்கிராஸ்டிம் ஊசி இருக்கிறது, சூப்பால் ஏறாது. வாய்க்குப் பிடித்தால் கொடுங்கள், ஆனால் தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுக்காமல் சதையோடு கொடுங்கள். கடையில் வாங்கும் ஹெல்த் மிக்ஸும் அப்படித்தான். சத்துமாவு 100 கிராமில் புரதம் 10, 12 கிராம் இருந்தால் அதிகம். இரண்டு ஸ்பூன் கரைத்தால் 2 கிராம். கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சினால் டப்பாவின் பிராண்டை மாற்றுவதைவிட அதிகம் கிடைக்கும்.

இனி சர்க்கரை. 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க், புற்றுச் செல்கள் குளுக்கோஸை அசாதாரண வேகத்தில் விழுங்குவதைக் கண்டார். அது உண்மை. புற்று எங்கே இருக்கிறது என்று தேடும் பெட் ஸ்கேன் நடப்பதே அதை வைத்துத்தான். அதிலிருந்து "சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும்" என்று தாவுவதுதான் தவறு. காபியில் சர்க்கரை போடாவிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் இருந்தே தீரும். கல்லீரல் அதைத் தானே தயாரிக்கும், சாப்பாடு போதாதபோது தசையைக் கரைத்துத் தயாரிக்கும். பட்டினி கிடப்பது கட்டி அல்ல, அம்மா. அதற்காக இனிப்பை அள்ளிக் கொடுக்கவும் வேண்டாம், அதில் புரதம் இல்லை. அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தால் கதை வேறு. வாந்தியைத் தடுக்கக் கீமோ அன்று கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. இரண்டு மூன்று நாள் சர்க்கரை எகிறும். அந்த நாட்களில் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

பாலை நிறுத்தக் காரணமே இல்லை. பெருங்குடல் புற்றைப் பொறுத்தவரை பால் சாப்பிடுகிறவர்களுக்கு அது வருவது குறைவு என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பேதி இருக்கும் நாளில் மட்டும் பாலுக்குப் பதில் தயிர். கறியில் பாதி உண்மை உண்டு. 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவிலும், ஆடு, மாடு, பன்றி இறைச்சியை "அநேகமாக உண்டாக்கும்" என்ற பிரிவிலும் வைத்தது. மட்டன் வாரத்தில் ஒரு நாள் போதும். மீன், கோழி, முட்டைக்கு இந்தக் கணக்கு கிடையாது, "சூடு" என்று ஒதுக்க வேண்டாம்.

உங்கள் அம்மாவின் இரண்டு மருந்துகளுக்கும் தனி விதிகள் உண்டு. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய பிறகு குளிர்ச்சி பட்டால் விரலிலும் உதட்டிலும் ஊசி குத்துவது போல் இருக்கும். சில்லென்று ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்து மூச்சே நின்றுவிட்டது போலத் தோன்றும். பார்க்கிறவர்களுக்கும் பதறும். டிரிப் முடிந்து ஐந்து முதல் ஏழு நாளுக்குக் குடிப்பது, வாய் கொப்பளிப்பது, கை கழுவுவது எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரில். ஃபிரிட்ஜை அவர் திறக்க வேண்டாம். தயிரையும் பழத்தையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஊசி ஏறும்போது ஐஸ் சப்புவதைப் பார்த்து நீங்களும் கேட்காதீர்கள். அது 5-எஃப்யூ என்ற இன்னொரு கீமோ மருந்தை வேகமாகச் செலுத்தும்போது வாய்ப்புண் வராமலிருக்க. இங்கே அது வினையாகும்.

கேபசிடபைனை காலை, இரவு 12 மணி நேர இடைவெளியில், சாப்பிட்டு முடித்த 30 நிமிடத்துக்குள் வெறும் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று: "தெம்புக்கு" என்று மெடிக்கலில் வாங்கும் சத்து மாத்திரையில் பெரும்பாலும் ஃபோலிக் அமிலம் இருக்கும். அது இந்த மருந்தின் விஷத்தன்மையைக் கூட்டி, பேதியையும் வாய்ப்புண்ணையும் மோசமாக்கும். கீரையில் இருக்கும் ஃபோலேட் பிரச்சினை இல்லை, மாத்திரைதான் பிரச்சினை. அட்டையை டாக்டரிடம் காட்டாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

குமட்டலுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, குமட்டல் வந்த பிறகு அல்ல, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுங்கள். குமட்டலுக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் மலச்சிக்கல் உண்டாக்கும், வயிறு கல்லாகிவிட்டால் பசியும் போய்விடும். தாளிக்கும் வாசனை ஆகாது என்றால் சமைக்கும் நேரத்தில் அவரை வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள். ஆவி பறக்கும் சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. வாயில் இரும்புச் சுவை அடித்தால் எவர்சில்வர் தட்டையும் ஸ்பூனையும் மாற்றி வாழை இலையோ பீங்கானோ வைத்துப் பாருங்கள். சின்ன மாற்றம்தான், பலருக்கு எடுபடுகிறது.

வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். புண் வருவதற்கு முன்பே தொடங்கலாம். எரியும் மவுத்வாஷ் வேண்டாம். மிளகாயும் புளியும் ஒதுங்கட்டும், பாலில் ஊறிய இடியாப்பம், நெய் விட்ட குழைந்த பருப்பு சாதம், ராகிக் கூழ் வரட்டும்.

பேதிதான் கேபசிடபைனில் அலட்சியப்படுத்தக் கூடாதது. வழக்கத்தைவிட ஒரு நாளில் நாலு தடவையோ அதற்கு மேலோ அதிகமாகப் போனாலோ, தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டி வந்தாலோ அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மாதுளம் பிஞ்சும் ஜவ்வரிசிக் கஞ்சியும் வைத்து ஒரு நாள் பார்க்கலாம் என்பது இங்கே செல்லாது. நீர்ச்சத்து குறையாமலிருக்கக் கொடுக்கும் ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்கு இத்தனை என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

டிரிப் ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும் காலம். பச்சைக் காய், பழம் எதுவுமே கூடாது என்ற பழைய விதிக்கு ஆதாரம் பலவீனம். ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் 153 ரத்தப் புற்றுநோயாளிகளை வைத்து நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், வேகவைத்தது மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் பச்சையாகவும் சாப்பிட்டவர்களுக்கும் தொற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தச் சமையலறை வேறு, நம் ஊர்த் தள்ளுவண்டி வேறு. வாழைப்பழம், ஆரஞ்சு என்று தோலுரிக்கும் பழங்களை வீட்டில் உரித்துக் கொடுங்கள். வெட்டி வைத்த பழம், ஓட்டல் தேங்காய்ச் சட்னி, ஆஃப் பாயில் வேண்டாம். பழைய சோற்றை விரும்பிச் சாப்பிடுகிறவராக இருந்தாலும் இந்த நாட்களில் விட்டுவிடுங்கள். சோற்றில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்து சமைத்தும் சாகாது. வெளியே மணிக்கணக்கில் வைத்தால் அது விஷத்தை உண்டாக்கும், மறுபடி சுடவைத்தாலும் அந்த விஷம் போகாது. வடித்த சோறு இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றுக்கோ ஃபிரிட்ஜுக்கோ போய்விட வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

கடைசியில் முள் சீத்தா. அதன் சாறு சோதனைக் குழாயில் புற்றுச் செல்களைக் கொல்வது உண்மைதான், சோதனைக் குழாயில் பினாயிலும் கொல்லும். அந்தப் பழத்திலும் இலையிலும் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புக்கு ஆகாது. கரீபியன் கடலில் குவாதலூப் தீவில் இதை நிறையச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் காணப்பட்டதை 1999-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆக்ஸாலிபிளாட்டினே நரம்பைத் தொடும் மருந்து, அதோடு இது வேண்டாம். சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். குழம்பில் போடும் மஞ்சள் இருக்கட்டும், மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் காப்ஸ்யூல் வேண்டாம். ரகசியமாகக் கொடுத்துவிட்டு லிவர் டெஸ்ட் ஏறியதும் பழியைக் கீமோ மேல் போடுவதுதான் மிக மோசம். அது நடந்தால் டாக்டர் தவறான மருந்தை நிறுத்துவார்.

சொந்தக்காரர்கள் ஏதாவது செய்யத் துடித்தால் அம்மாவை நடக்கக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரை வைத்து நடந்த சேலஞ்ச் என்ற ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. பயிற்சியாளர் துணையோடு மூன்று ஆண்டு உடற்பயிற்சி செய்தவர்களில் ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80.3 சதவீதம், கையேடு மட்டும் வாங்கிப் போனவர்களில் 73.9. பெரும்பாலோருக்கு அது வாரத்தில் மூன்று நாலு நாள் முக்கால் மணி நேர வேக நடைக்குச் சமம். அது சிகிச்சை முடிந்தவர்களுக்கான அளவு. இப்போதைக்குச் சாப்பிட்டு அரை மணி கழித்துப் பத்து நிமிடம், வாசலிலோ மாடியிலோ. கேபசிடபைன் உள்ளங்காலைச் சிவக்க வைத்துத் தோலை உரிக்கும், அதனால் பருத்திச் சாக்ஸும் மெத்தென்ற செருப்பும் இல்லாமல் வேண்டாம். காய்ச்சலோ பேதியோ உள்ள நாளில் அந்த நடையும் வேண்டாம்.