நவீன ஆப்பிரிக்க நாவல்கள் அடையாளத்தையும் ‘எது என் ஊர்’ என்பதையும் எப்படிப் பேசுகின்றன?

பெரும்பாலும் சின்னப் பொருட்கள் வழியாகத்தான். நைஜீரிய எழுத்தாளர் சிமமந்தா அடிச்சியின் ‘அமெரிக்கானா’ நாவலில் (2013) வரும் இஃபெமெலு, நைஜீரியாவில் இருந்தவரை தன்னைக் ‘கறுப்பினப் பெண்’ என்று நினைத்ததே இல்லை. அமெரிக்கா போன பிறகுதான் அந்தப் பெயர் அவள்மேல் ஒட்டுகிறது. வேலை நேர்காணலுக்காக மருந்து போட்டு முடியை நேராக்குகிறாள், உச்சந்தலை வெந்துபோகிறது. பல வருஷம் கழித்து லாகோஸ் திரும்பினால், அங்கே அவள் ‘அமெரிக்காக்காரி’!

எனக்கு இன்னும் நெருக்கமானது எழுத்தாளர் அப்துல்ரசாக் குர்னாவின் ‘பை தி சீ’ நாவல் (2001). கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலிருந்து இங்கிலாந்துக்கு அகதியாக வரும் முதியவர் சாலே ஒமர் கையில் இருப்பது வேறொருவர் பெயரிலுள்ள பாஸ்போர்ட். இங்கிலீஷ் தெரிந்தும் தெரியாதவர்போல் நிற்கிறார். ஊரின் வாசனையாக அவர் கொண்டுவந்த அகில் தூபம் வைத்த பெட்டியை கேட்விக் விமான நிலைய அதிகாரி எடுத்துக்கொள்கிறார். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் பிடித்தது.