பி.காம். முடித்தவர் குன்னூரிலேயே வரி ஆலோசனைத் தொழில் அமைக்க முடியுமா?

முடியும். தேயிலையின் வரிக்கணக்கைக் கரைத்துக் குடித்தவருக்கு மலையிலேயே வேலை இருக்கிறது.

பச்சை இலையை விற்கும் சிறு விவசாயியின் வருமானம் முழுக்க விவசாய வருமானம். சொந்த இலையைத் தானே தூளாக்கி விற்றால் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வணிகம். வெளியிலிருந்து இலை வாங்கி அரைக்கும் ஃபேக்டரிக்கு இந்தப் பிரிப்பு கிடையாது. லாபம் மொத்தமும் வணிக வருமானமே. பலரும் சறுக்குவது இங்கேதான்.

இன்னொரு தவறு: சம்பளக்காரரான ஆசிரியருக்கு இலை விற்று 1,80,000 ரூபாய் வருகிறது. ஐடிஆர்-1 என்ற எளிய வருமான வரிக் கணக்குப் படிவத்தைப் போடக்கூடாது, அதில் விவசாய வருமானம் 5,000 ரூபாய் வரைதான். ஐடிஆர்-2 போட வேண்டும். விவசாய வருமானம் என்பதால் அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லாவிட்டாலும், சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கடைசி நேரத்தில் மனக்கசப்புதான்.

பேங்க் பாஸ்புக்கை மட்டும் நம்பாதீர்கள். உர முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு ஃபேக்டரி பணம் போட்டிருந்தால், பாஸ்புக்கில் இருப்பது மிச்சத்தொகை. இலை ரசீதில் உள்ள எடை, கிலோ விலை, பிடித்தம் மூன்றையும் மாதவாரியாக எழுதுங்கள்.

தகுதி? பி.காம். பட்டத்தோடு பிறருக்காக ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்யலாம். அதற்குரிய தேர்வில் 50 சதவீதம் வேண்டும். ஆனால் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) தகுதி அவசியம். பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். சி.ஏ. ஒருவரிடம் பெறும் பயிற்சியான ஆர்டிக்கிள்ஷிப் 2 ஆண்டு. வயது இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.