ஹைத்தி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹைத்தி ஏன் இவ்வளவு ஏழை நாடாக இருக்கிறது?

பதில்: காரணம் ஒன்று மட்டுமல்ல. எங்கே தொடங்குவது என்றால் 1825இல் தொடங்குவேன். கரீபியன் கடலில் பிரான்ஸின் காலனியாக இருந்து, அடிமைகள் தாங்களே போராடி 1804 ஜனவரி 1 அன்று சுதந்திரம் அறிவித்த நாடு அது. 21 ஆண்டுகள் கழித்து பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரம் வேண்டுமானால் 15 கோடி பிராங்க் கட்டச் சொன்னார். பண்ணை முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாம். அந்தச் சொத்தில் அடிமைகளும் சேர்த்தி! விடுதலையானவர்களே தங்கள் விலையைக் கட்ட வேண்டியிருந்தது.

முதல் தவணை 3 கோடி. கையில் பணமில்லை, பாரிஸில் கடன் வாங்கினார்கள். 3 கோடிக்குக் கடன்பட்டு கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம்தான். 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் இதையொட்டி வாங்கிய கடன்கள் 1947 வரை இழுத்தன.

கேள்வி: இன்றைய மதிப்பில் எத்தனை டாலர்?

பதில்: ஒற்றை எண் தரமாட்டேன். கணக்கிடும் முறையைப் பொறுத்து விடை பல மடங்கு மாறும். படத்தில் எழுதிப் பரப்பும் எண்களை நம்பாதீர்கள்.

கேள்வி: கொலம்பஸ் வந்தபோது அங்கே யார் இருந்தார்கள்?

பதில்: தைனோ மக்கள். மேற்கொண்டு தொல்லியல் படித்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சுதந்திரத்துக்கு முன் ஹைத்தியை அடக்க வந்த நெப்போலியன் படையை வீழ்த்தியது மஞ்சள் காய்ச்சல்தானே?

பதில்: இதை விட்டுவிட முடியாது. காய்ச்சல் ஆயிரக்கணக்கில் கொன்றது, பிரெஞ்சுத் தளபதி லெக்லேரும் அதில்தான் இறந்தார். சரி. ஆனால் மழைக்காலத்தில் அது வரும் என்பது போராளிகளின் தலைவர் தூசன் லூவெர்த்தூருக்குத் தெரியும். அதுவரை எரித்துவிட்டுப் பின்வாங்குங்கள் என்பதே அவர் உத்தரவு. காய்ச்சல் பரவும் முன்பே, 1802 மார்ச்சில், க்ரெட்-ஆ-பியெரோ கோட்டையை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை பலத்த அடி வாங்கியது.

கேள்வி: அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இல்லையென்றால் பிரான்ஸ் ஜெயித்திருக்குமே?

பதில்: அப்படியானால் தளபதிகள் தெசாலின், பெத்தியோன், கிறிஸ்தோஃப் ஏன் பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தார்கள்? பக்கத்து குவாதலூப்பில் அடிமைமுறை மீண்டும் வந்த செய்தி 1802இலேயே எட்டிவிட்டது. அடுத்தது தாங்கள்தான் என்று மக்களுக்குப் புரிந்துபோயிற்று. 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேர் போரில் பிரெஞ்சுப் பீரங்கிகளுக்கு நேரே ஏறியது கொசு அல்ல, முன்னாள் அடிமைகள்.

கேள்வி: தோராயமாகவாவது டாலர் கணக்கு சொல்லுங்களேன்.

பதில்: மேலே சொல்லிவிட்டேன். டாலரை விடுங்கள், அந்த 15 கோடி அன்றைய ஹைத்தி அரசின் ஆண்டு வருமானத்தைப் போலப் பல மடங்கு.

கேள்வி: அமெரிக்கா உதவியதா?

பதில்: அங்கீகரிக்கவே 1862 ஆயிற்று. அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்கள் ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிறகுதான், லிங்கன் காலத்தில் அது நடந்தது.