ஆர்க்கைவ் சேர்வரில் மெயில் ஏன் தேங்குகிறது? கேள்வி பதில்

வந்த கேள்விகள் எல்லாமே லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சேர்வர் மென்பொருளைப் போட்டு, ஒஃபிஸ் மெயில் அத்தனைக்கும் ஒரு பிரதியை ஒரே பெட்டியில் சேர்க்கும் சேர்வரைப் பற்றியவை. எதையும் மாற்றுவதற்கு முன் மெயில் லொக்கை (சேர்வர் எழுதும் பதிவு) திறந்து, 'டிலேஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் சாய்கோட்டால் பிரித்த நான்கு எண்களைப் பாருங்கள். முதலாவது, கியூ மேனேஜர் (மெயில் வரிசையை நடத்தும் பகுதி) கைக்கு வருமுன் போன நேரம். இரண்டாவது, அதனிடம் காத்துக் கிடந்த நேரம். மூன்றாவது இணைப்பு எடுக்க, நான்காவது மெயிலை ஒப்படைக்க. எல்லாம் விநாடிக் கணக்கு.

ஹட்டன்: தோட்டங்களுக்குப் பொதுவான ஒஃபிஸ். சம்பளத்துக்கு முதல் நாள் சம்பளச் சீட்டு பிடிஎஃப் குவியும். அன்றைக்கு ஆர்க்கைவ் பெட்டிக்கு மெயில் வர முக்கால் மணி நேரம் ஆகுது. சிபியு 10 வீதம்கூட ஓடல்ல. எண்கள் 0.1/2700/0/3. ஏலியஸ் (மாற்று முகவரி) வழியாக ஒரு ஸ்கிரிப்டுக்குப் பைப் செய்திருக்கோம், வரும் மெயில் நேரே அதுக்குள்ள போகும். புது சேர்வர் எடுக்கணுமா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி, காசு மிச்சம். 2700 இரண்டாவது இடத்தில் நிற்கிறது. மெயில் உள்ளே வந்துவிட்டது, போக வாசல் இல்லாமல் வரிசையில் நிற்கிறது. லோக்கல் டெலிவரியில் ஒரே பெறுநருக்கு ஒரே நேரத்தில் 2 மெயில்தான் போகும். 'லோக்கல் டெஸ்டினேஷன் கன்கரன்சி லிமிட்' என்பதன் இயல்பு அளவு அதுதான். சாதாரண ஆளின் பெட்டிக்கு அது தாராளம். உங்களுக்கோ மொத்த ஒஃபிஸ் மெயிலும் ஒரே பெறுநருக்கு. ஸ்கிரிப்ட் ஒன்றுக்கு 3 விநாடி எடுத்தால், இரண்டு வாசலில் நிமிடத்துக்கு 40 மெயில். நிமிடத்துக்கு 60 வந்தால் ஒரு மணி நேரத்தில் 1,200 தேங்கும். வரத்து நின்ற பிறகும் அது வடிய அரை மணி நேரம்.

லிமிட்டை 6 ஆக்கி ரீலோட் செய்தால் அன்றைக்குத் தப்பலாம். ஆனால் ஸ்கிரிப்ட் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைல் ஒன்றில் எழுதுகிறதென்றால் பயன் குறைவு, அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். உண்மையான பிழை அந்த 3 விநாடி. பிடிஎஃபைப் பிரித்து எழுத்தெடுப்பதும் இண்டெக்ஸ் போடுவதும் டெலிவரிக்குள் நடக்கவே கூடாது. மெயிலை மெயில்டிர்ரில் (ஒவ்வொரு மெயிலும் தனி ஃபைலாக இருக்கும் ஃபோல்டர்) போட்டுவிட்டு ஸ்கிரிப்ட் உடனே வெளியேறட்டும். மீதியை வேறொரு புரோகிராம் பின்னால் இருந்து ஆறுதலாகச் செய்யட்டும்.

இன்னொன்று: மெயில் தேங்கும்போது பதற்றத்தில் 'போஸ்ட்கியூ' கட்டளையால் திரும்பத் திரும்பத் தள்ளாதீர்கள். தள்ளிப்போட்ட மெயிலும் சேர்ந்து வந்து முண்டியடிக்கும்.

பதுளை: இன்டர்நெட் இல்லாத நேரம் உள்ளுக்குள் போகும் மெயிலும் மெதுவாகுது. லொக்கில் எண்கள் எல்லாம் சின்னதுதான்.

பதில்: பக்கத்துக் கொம்பியூட்டரில் இருந்து சேர்வரின் 25ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் போடுங்கள். 220 என்று தொடங்கும் வரி வர 10, 20 விநாடி ஆனால் டிஎன்எஸ்தான் (பெயரையும் ஐபியையும் பொருத்தும் சேவை) காரணம். வந்த ஐபிக்குப் பெயர் தேடி சேர்வர் காத்திருக்கிறது: இரண்டு நேம்சேர்வர், ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி, இரண்டு முயற்சி, மொத்தம் 20. உள் கொம்பியூட்டர்களின் பெயர்களை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதி, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்குங்கள். டெபியன் லினக்ஸில் அது குரூட்டுக்குள் (தனியாக அடைத்த ஃபோல்டர்) ஓடுவதால், தொடங்கும்போதுதான் ஹோஸ்ட்ஸ் ஃபைலின் புதுப் பிரதியை எடுத்துக்கொள்ளும்.

நுவரெலியா: இடி மின்னலில் கரண்ட் போய் வந்ததில் இருந்து எல்லாமே இழுக்குது. முதலாவதும் நான்காவதும் இரண்டும் பெரிசு.

பதில்: முதலாவதும் நான்காவதும் சேர்ந்து உயர்ந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். கியூவில் எழுதும்போது ஒரு தடவை, பெட்டியில் எழுதும்போது ஒரு தடவை என்று, தரவு உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கும் வரை போஸ்ட்ஃபிக்ஸ் காத்திருக்கும். 7,200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. விநாடிக்கு 120 சுற்றுத்தான்.

சொஃப்ட்வெயார் ரெய்ட் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்ப்பது) என்றால் எம்டிஸ்டாட் ஃபைலில் ரீசிங்க் (டிஸ்க்குகளை மறுபடி ஒப்பிடுவது) ஓடுகிறதா பாருங்கள். முடிந்ததும், மாறிய இடங்களைக் குறித்துவைக்கும் இன்டர்னல் பிட்மேப் ஒன்று சேர்த்துவிடுங்கள். அடுத்த தடவை முழு டிஸ்க்கையும் ஒப்பிடாமல், மாறிய பகுதியை மட்டும் சரிபார்க்கும். ரெய்ட் கார்ட் என்றால் அதன் பேட்டரி செத்திருக்கலாம். செத்தால் கார்ட் ரைட்-பேக்கை (தன் நினைவில் வாங்கிவைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதுவது) விட்டு ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் இறங்கும் வரை காத்திருப்பது) இறங்கும், வேகம் படுத்துவிடும். பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தும் ஒரு செட்டிங் கண்ணில் படும். கரண்ட் இப்படிப் போய் வரும் ஊரில் அதைத் தொட்டால் ஆர்க்கைவே மிஞ்சாது.

பண்டாரவளை: பெட்டி 51 எம்பி ஆனதும் மெயில் திரும்பிப் போகுது. டிஸ்க்கில் இடம் இருக்கு.

பதில்: எம்பொக்ஸில் (எல்லா மெயிலும் ஒரே ஃபைலில்) சேர்க்கிறீர்கள். பெட்டி ஃபைலுக்கு இயல்பு எல்லை 5,12,00,000 பைட். எல்லையை உயர்த்துவதைவிட மெயில்டிர்ருக்கு மாறுங்கள்: 'ஹோம் மெயில்பொக்ஸ்' மதிப்பின் கடைசியில் சாய்கோடு கட்டாயம். 'மெயில்பொக்ஸ் கொமாண்ட்' செட்டிங்கில் புரொக்மெயில் (மெயிலைப் பெட்டியில் போடும் வேறொரு புரோகிராம்) இருந்தால் எடுத்துவிடுங்கள், அது இருக்கும்வரை இந்த வரியைச் சேர்வர் திரும்பியும் பார்க்காது.

தலவாக்கலை: ஆர்க்கைவிலும் வைரஸ் ஸ்கேன் வேணுமா? ரேம் 2 ஜிபி.

பதில்: பிரதான சேர்வரில் ஸ்கேன் ஆகி வந்தால் வேண்டாம். கிளாம்ஏவி என்ற ஸ்கேனரின் வைரஸ் பட்டியலே 1 ஜிபிக்கு மேல் ரேமைத் தின்னும். மீதி ஸ்வாப்பில்தான் (ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில்) ஓடும்.